உற்சாகத்துக்குப் போலந்தில் என்ன பெயர்?

(மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உற்சாகத்தையும் ஆற்றலையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள், அவற்றுக்கு நிகரான போலிஷ் சொற்கள். இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. ஒரு பட்டியலை வாசித்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடலாம். பட்டியல் எந்த அகராதியிலும் கிடைக்கும். 'என்தூசியாசம்' என்றால் 'என்டூஸ்யாஸ்ம்'. 'எனர்ஜி' என்றால் 'எனெர்கியா'. 'விகர்' என்றால் 'விகோர்'. 'வெர்வ்' என்றால் 'வெர்வா'. ஓசைகூட ஒத்துப்போகிறது. தேர்வில் மதிப்பெண் வாங்கித்தரும் இந்த ஜோடிகளை நம்பி வார்சாவுக்கு ஓர் அலுவலகக் கடிதம் எழுதினால் காலை வாரிவிடும். ஏன் அப்படி என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஆங்கிலத்தைப் பார்ப்போம். இந்த வகைச் சொற்களில் ஆங்கிலம் சொந்தமாக விளைவித்தது குறைவு, கடன் வாங்கியதுதான் அதிகம். 'ஜெஸ்ட்' பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் மணமுள்ள மேல்சீவலுக்கு அந்தப் பெயர். 'கஸ்டோ' இத்தாலியர்களின் சுவை. 'பெப்' என்பது மிளகைக் குறிக்கும் 'பெப்பர்' பாதியில் வெட்டுப்பட்டது. 'ஸீல்' கிரேக்கம், பொறாமையைச் சொல்லும் 'ஜெலஸ்' அதன் உடன்பிறப்பு. 'ஈகர்' பழைய பிரெஞ்சில் புளிப்பும் காரமும். 'ஸ்டாமினா' லத்தீனில் நூலிழைகள். விதியின் தேவதைகள் நூற்கும் ஆயுள் இழை. 'கங்-ஹோ' சீனத்திலிருந்து வந்தது. அங்கே 1930களின் இறுதியில் தொடங்கிய தொழிற்கூட்டுறவுகளின் பெயர்ச் சுருக்கம் அது. எவன்ஸ் கார்ல்சன் என்ற அமெரிக்க மரீன் அதிகாரி 1942இல் அதைத் தன் படைப்பிரிவின் முழக்கமாக்கினார். இன்று அதற்கு யோசிக்காமல் குதிப்பவர் என்று பொருள். கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் அங்கே போய் நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்புதான்.

'என்தூசியாசம்' என்ற சொல்லுக்கு மட்டும் சற்று நேரம் ஒதுக்க வேண்டும். கிரேக்கத்தில் 'எந்தெயோஸ்' என்றால் உள்ளே தெய்வம் புகுந்தவர்; நம் ஊர்ப் பேச்சில் சாமி வந்தவர். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மதச் சண்டையிலும் உள்நாட்டுப் போரிலும் நொந்துபோயிருந்தது. கடவுள் என்னிடம் நேரில் பேசினார் என்று கிளம்பியவர்களைக் கண்டு படித்தவர்கள் மிரண்டார்கள். அப்படிக் கிளம்பியவர்களுக்கு வைத்த வசைப்பெயர்தான் 'என்தூசியாஸ்ட்'. மனித அறிவைப் பற்றிய தம் பெருநூலின் 1700ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜான் லாக் இதைக் கண்டித்து ஓர் அத்தியாயத்தையே புதிதாகச் சேர்த்தார். 1708இல் ஷாப்ட்ஸ்பரி பிரபு இதே பொருளில் ஒரு நீண்ட கடிதத்தை வெளியிட்டார். இந்தக் காய்ச்சலைத் தண்டித்து இறக்க முடியாது, கேலி செய்தால் தானே இறங்கிவிடும் என்பது அவர் கட்சி. குதிரையேறி ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த ஜான் வெஸ்லியின் மீதும் இந்தச் சொல்லைத்தான் வீசினார்கள். 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் இதற்கு முதற்பொருளாக எழுதியதும், தெய்வம் தனக்கென்று தனியாக அருளியதாக எண்ணிக்கொள்ளும் வீண் நம்பிக்கை என்பதைத்தான். இன்றைக்கோ அந்தச் சொல் இல்லாமல் வேலைக்கு விண்ணப்பம் எழுத முடியாது. ஆங்கிலம் அந்தச் சொல்லிலிருந்த சாமியையும் இறக்கிவிட்டது, சந்தேகத்தையும் கழுவிவிட்டது.

இதே சொல் போலந்தில் வேறு வழியில் நடந்தது. 1840களில் வார்சாவில் பெண் கல்விக்காகவும் பெண் விடுதலைக்காகவும் கூடிய எழுத்தாளர்களும் ஆசிரியைகளும் 'என்டூஸ்யாஸ்த்கி' என்று அழைக்கப்பட்டார்கள். அதாவது 'உற்சாகிகள்', பெண்பாலில். அவர்களில் முதன்மையானவர் நார்ட்சிஸா ஜ்மிஹோவ்ஸ்கா. போலந்து அப்போது மூன்று பேரரசுகளிடையே துண்டுபட்டுக் கிடந்தது. வார்சா ருஷ்ய ஆட்சியின் கீழ் இருந்தது. 1849இல் ஜ்மிஹோவ்ஸ்காவைக் கைது செய்து லூப்ளின் நகரில் சிறைவைத்தார்கள். அந்த ஊரில் உற்சாகம் என்பது சிறைக்குப் போகிற காரியம். இதை மறந்துவிட்டு அந்த மொழியின் சொற்களைத் தொட முடியாது.

ஆனால் 'என்டூஸ்யாஸ்ம்' அங்கும் இறக்குமதிதான். போலந்துக்காரர் வீட்டில் புழங்கும் சொல் 'ஸாப்பௌ'. எரி, பற்றவை என்ற வினையிலிருந்து பிறந்தது. அதன் குடும்பத்தைப் பாருங்கள். தீக்குச்சி 'ஸாப்பௌக்கா'. பற்றவைப்பது 'ஸாப்பாலிச்'. சிகரெட் லைட்டர் 'ஸாப்பால்னிச்கா'. உடம்பில் வரும் அழற்சி 'ஸாப்பலெனியெ'. நிமோனியா காய்ச்சலுக்கு நுரையீரலின் 'ஸாப்பலெனியெ' என்றுதான் பெயர். ஒரு காரியத்தில் பித்தாக இருப்பவர் 'ஸாப்பலெனியெத்ஸ்'. அடுப்பங்கரையில் தீக்குச்சி கேட்கும் குழந்தைக்கே உற்சாகமும் நெருப்பும் ஒன்று என்று காதில் விழுந்துவிடுகிறது.

ஆங்கிலத்திலும் நெருப்பு இல்லாமல் இல்லை. 'ஆர்டர்' என்ற சொல்லுக்கு வேர் லத்தீனில் எரிதல். 'ஃபெர்வர்' என்பதற்கு வேர் கொதித்தல். ஆனால் லத்தீன் படித்தவருக்குத்தான் அந்தச் சூடு தெரியும். லண்டன் தெருவில் 'ஆர்டர்' என்று சொல்பவர் எதையும் பற்றவைப்பதாக நினைப்பதில்லை. போலிஷில் நெருப்பு மூடாமல் கிடக்கிறது. 'ஜார்லிவோஷ்ச்' என்ற தீவிரத்துக்குள் 'ஜார்' இருக்கிறது, தணல். 'கோர்லிவோஷ்ச்' என்ற முனைப்புக்குள் எரிதலைக் குறிக்கும் பழைய வினையான 'கோஜெச்' இருக்கிறது. சாராயத்துக்குப் பெயரான 'கோஜௌக்கா'வும் அதே வினையில் பிறந்தது. இரண்டு மொழிகளையும் பிரிக்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். நெருப்பு கண்ணுக்குத் தெரிந்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: எவ்வளவு நேரம் எரியும்?

அந்தக் கேள்விக்கென்றே போலிஷில் ஒரு தொடர் உண்டு. 'ஸ்வோமியானி ஸாப்பௌ', வைக்கோல் உற்சாகம். குப்பென்று பிடிக்கும், கூரை உயரம் எழும், அடுப்பில் வைத்த தண்ணீர் சுடுவதற்குள் சாம்பலாகிவிடும். தமிழில் ஆரம்ப சூரத்தனம் என்கிறோமே, அதேதான். ஆனால் நாம் அதைப் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்கிறோம். போலந்துக்காரர்கள் தங்கள் தேசத்தைப் பற்றியே சொல்லிக்கொள்கிறார்கள். எங்கள் தேசியக் குறை இது என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும், தாத்தாவும் சொல்வார். 1830இல் கிளர்ச்சி, 1863இல் கிளர்ச்சி, இரண்டிலும் தோல்வி, சைபீரியா, தூக்குமேடை. இவ்வளவையும் கண்ட மொழி இது.

இந்தத் தொடருக்கு மேடையில் உருவம் கொடுத்தவர் ஸ்தானிஸ்வாவ் விஸ்பியான்ஸ்கி. அவருடைய 'வெஸெலெ', அதாவது 'கல்யாணம்', 1901 மார்ச் 16 அன்று கிராக்கூவ் நகரில் அரங்கேறியது. முந்தைய ஆண்டு நவம்பரில் ஒரு கவிஞர் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணை மணந்தார். அந்தக் கல்யாண வீட்டில் விஸ்பியான்ஸ்கியும் விருந்தாளி. நாடகத்தில் நடு இரவுக்குப் பின் விருந்தினர் முன் ஆவிகள் தோன்றுகின்றன. வீட்டுக்காரர் கையில் ஒரு பொன் ஊதுகொம்பு வந்து சேர்கிறது. அதை ஊதினால் நாடே எழும். அவர் அதை யாஷெக் என்ற வாலிபனிடம் கொடுத்து ஊர்களை எழுப்பிவர அனுப்புகிறார். போகிற வழியில் அவனுடைய மயில்தோகைத் தொப்பி கீழே விழுகிறது. எடுக்கக் குனிந்த இடத்தில் கொம்பைத் தவறவிடுகிறான். விடியும்போது குடியானவர்கள் அரிவாள்களோடு காத்து நிற்கிறார்கள், அழைப்பு வரவில்லை. அப்போது 'ஹோஹோவ்' பிடில் வாசிக்க, எல்லோரும் தூக்கத்தில் நடப்பவர்களாய்ச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். திரை விழுகிறது.

ஹோஹோவ் யார் என்றால், பனிக்காலத்தில் ரோஜாச் செடிக்குப் போர்த்தும் வைக்கோல் உறை. அது எழுந்து நடந்து வருகிறது. வைக்கோல் உற்சாகத்தைக் கேலி செய்யத்தான் அதைக் கொண்டுவந்தார் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. ரோஜாவை அடுத்த வசந்தம்வரை உயிரோடு காப்பதும் அந்த வைக்கோல்தான். விஸ்பியான்ஸ்கி இரண்டு பொருளையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். ஸ்தெஃபான் ஜெரோம்ஸ்கியின் 'ஷிவாச்கா'. தலைப்புக்குப் 'பலசாலிப் பெண்' என்று பொருள். கல்லூரிக் காலத்தில் லட்சியம் பேசிய ஒப்பாரெட்ஸ்கி என்ற மருத்துவர் ஒரு சின்ன ஊரில் வந்து அடங்கிப்போய்விட்டார். பனிப்புயல் அடிக்கும் ஓர் இரவில், நோயில் கிடக்கும் கிராமத்துப் பள்ளி ஆசிரியையைப் பார்க்க அழைக்கிறார்கள். போய்ப் பார்த்தால் கல்லூரி நாட்களில் அவர் நேசித்த ஸ்தாஷா. டைபஸ் காய்ச்சல். காப்பாற்ற முடியவில்லை. அவள் விட்டுச் சென்றவற்றுள் ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது. பெயர் 'மக்களுக்கான இயற்பியல்'. மருத்துவர் கொஞ்ச நாள் கலங்குகிறார், பிறகு பழையபடி தின்று கொழுக்கிறார். ஒருத்தி எரிந்தே தீர்ந்தாள், ஒருவர் அணைந்தே போனார். குறைந்த சம்பளத்தில் ஊர்ப்பிள்ளைகளுக்காக உழைக்கும் ஆசிரியையைப் போலந்தில் இன்றும் 'ஷிவாச்கா' என்பார்கள். அதில் மரியாதையும் உண்டு, 'ஐயோ பாவம்' என்பதும் உண்டு. இதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடி நான் அலைந்ததுதான் மிச்சம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கம்யூனிஸ்ட் அரசு வந்தது. அரசே உற்சாகத்தைக் கொள்முதல் செய்யத் தொடங்கியது. 1947இல் வின்ட்சென்டி ப்ஸ்த்ரோவ்ஸ்கி என்ற சுரங்கத் தொழிலாளி, என்னைவிட அதிகமாக வெட்டுபவர் யார் என்று பத்திரிகையில் சவால் விட்டார். நாடு முழுக்க அவர் படம் தொங்கியது. அடுத்த ஆண்டே இறந்துபோனார். ஊரில் அவர் பேரில் நக்கல் பாட்டே உண்டாயிற்று. அன்றாட நாளிதழில் 'மக்களின் என்டூஸ்யாஸ்ம்' என்று அச்சாகாத பக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டாயமாக வரவழைத்துப் பூங்கா துப்புரவு செய்யச் சொல்வதற்குப் பெயர் 'தன்னார்வச் சமூகச் செயல்'. ஆந்த்ஷெய் வாய்தாவின் 'பளிங்கு மனிதன்' படம் 1977இல் வந்தது. அதில் நோவா ஹூத்தா என்ற இடத்தில் செங்கல் அடுக்கும் பீர்குட் என்ற தொழிலாளி, கேமரா முன் சாதனைக் கணக்கில் கல் அடுக்குகிறான். ஒரு நாள் யாரோ பழுக்கக் காய்ச்சிய செங்கல்லை அவன் கையில் தள்ளிவிடுகிறார்கள். உள்ளங்கை வெந்துபோகிறது. அந்தக் காட்சியைப் பார்த்தவருக்கு அந்தக் காலத்து 'என்டூஸ்யாஸ்ம்' என்ற சொல்லின் பொருளை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்டில் ஒரு சொலவடை உண்டு: 'நாத்கோர்லிவோஷ்ச்' பாசிசத்தைவிட மோசம். அதிக முனைப்பு என்று பொருள். நாஜி ஆக்கிரமிப்பில் லட்சக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்த மண்ணில் இப்படி ஒரு ஒப்பீட்டைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள் என்றால், மேலதிகாரி முகம் பார்த்து ஓடியாடும் ஆசாமிகள்மீது எவ்வளவு எரிச்சல் சேர்ந்திருக்கும்!

சந்தேகமே முழுக்கதை என்று நினைக்க வேண்டாம். 1808 நவம்பர் 30 அன்று ஸ்பெயினின் ஸோமோஸியெர்ரா கணவாயில், நெப்போலியனின் ஆணைப்படி ஒரு சிறு போலந்துக் குதிரைப்படை, பீரங்கிகளுக்கு எதிரே ஏறிப் பாய்ந்து சில நிமிடங்களில் வழியைத் திறந்தது. இதைப் போன்ற கதைகளிலிருந்து வளர்ந்த சொல் 'உவான்ஸ்கா ஃபன்தாஸ்யா', குதிரைவீரனின் துணிச்சல். இன்றைக்கு வளைவில் வேகம் குறைக்காத கார் ஓட்டியையும் இதே சொல்லால் சொல்வார்கள். பாராட்டா திட்டா என்பது சொல்பவர் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. எனக்குப் பிடித்த இன்னொன்று 'இக்ரா'. மீன் முட்டைக்கு அந்தப் பெயர். 'இக்ராவோடு இருக்கிறாள்' என்றால் துடிப்பானவள். இதை அப்படியே தமிழாக்கினால் வீட்டில் அடி விழும்.

இனி இன்றைய அலுவலகம். ஆங்கில மின்னஞ்சலில் எல்லோரும் எப்போதும் 'எக்ஸைட்டட்'. உங்கள் குழுவில் சேர்வதில் எக்ஸைட்டட், அடுத்த வாரக் கூட்டத்தைப் பற்றி எக்ஸைட்டட். இதைப் போலிஷாக்க அகராதியைத் திறந்தால் 'பொத்நியெத்ஸோனி' என்ற சொல் நிற்கும். தொடாதீர்கள். இன்றைய பேச்சில் அது பெரும்பாலும் காமக் கிளர்ச்சியைக் குறிக்கிறது. இளம் தலைமுறை 'எக்ஸ்த்ஸிதாத்ஸ்யா' என்று ஆங்கிலத்தை ஒட்டிய சொல்லைப் புழங்குகிறது. பெரியவர்கள் காதுக்கு அது மொழிபெயர்ப்பு வாடை. நேரான போலிஷில் 'மகிழ்கிறேன்' என்று அடக்கமாகச் சொன்னால் போதும்.

போலந்திலிருந்து வெளிநாடு போன எழுத்தாளர்கள் இந்த வேற்றுமையில்தான் முதலில் இடறினார்கள். கவிஞர் ஸ்தானிஸ்வாவ் பரான்சாக் 1981இல் ஹார்வர்டுக்குப் பேராசிரியராகப் போனார். அமெரிக்கர்கள் நாள் முழுக்கச் சொல்லும் 'ஹாப்பி'யைத் தன் மொழியில் சொன்னால் அது வாழ்வில் அபூர்வமாகக் கிட்டும் பேரின்பமாகிவிடுகிறதே என்று அவர் ஒரு கட்டுரையில் வியந்தார். வார்சாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பேராசிரியரான அன்னா வியெஜ்பிட்ஸ்கா இதையே மொழியியல் ஆய்வாக்கினார். ஆங்கிலம் உணர்ச்சிகளுக்குப் போட்டிருக்கும் கோடுகளை மனித இனத்துக்கே பொதுவானவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் நூல்களில் திரும்பத் திரும்ப வரும் வாதம்.

வேலை விளம்பரங்களில் 'இளமையும் துடிப்பும் மிக்க குழு' என்று போலிஷில் ஒரு வாய்பாடு உண்டு. ஆங்கிலத்தில் அதைப் படித்தால் யாரும் கண் சிமிட்டுவதில்லை. போலந்தில் அது நகைச்சுவைத் துணுக்குகளின் கச்சாப்பொருள். சம்பளம் கம்மி, வேலை ராத்திரி வரைக்கும் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். 'எனர்ஜி'யிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. சுறுசுறுப்பான மனிதர் 'எனெர்கிச்னி'. மின்துறை சார்ந்தது 'எனெர்கெதிச்னி'. 'எனெர்கெதிக்' என்றால் மின்பொறியாளர். கடையில் விற்கும் எனர்ஜி டிரிங்க்கும் பேச்சுவழக்கில் அதே 'எனெர்கெதிக்'. 2024 ஜனவரி 1 முதல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அதை விற்கச் சட்டம் தடை போட்டிருக்கிறது. பொறியாளருக்குத் தடையில்லை.

இளைஞர்கள் என்ன சொல்கிறார்கள்? ஒரு பாட்டோ விளையாட்டோ பிடித்துவிட்டால் 'யாராம் ஷியெ' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நான் எரிகிறேன்'. சிகரெட் பிடிப்பதற்கான கொச்சை வினையும் இதுவே. நூற்றாண்டு மாறினாலும் நெருப்பு மாறவில்லை.

கடைசியாக நெருப்பில்லாத ஒரு சொல். 'ஒஹோத்தா', விருப்பம். வார்சாவில் இந்தப் பெயரில் ஒரு பகுதியே இருக்கிறது. இதிலிருந்து வந்த 'ஒஹோத்னிக்' என்றால் தானாக முன்வருபவர். கிராமந்தோறும் இருக்கும் தன்னார்வத் தீயணைப்புப் படையின் பெயரில் அந்தச் சொல்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட படைகள் நாடு முழுக்க 15,000க்கு மேல். பால் கறப்பவர், மெக்கானிக், பள்ளி வாத்தியார் என்று எல்லோரும் சைரன் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். ஆங்கிலப் பக்கத்தில் 'என்தூசியாஸ்டிக் வாலண்டியர்' என்று வந்தால் நான் 'என்டூஸ்யாஸ்ம்' பக்கம் போவதில்லை, 'ஒஹோத்தா' குடும்பத்தில்தான் தேடுவேன்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆங்கிலம்–போலிஷ் அகராதியில் ஒரு சொல்லைக் கண்டதும் பேனாவை எடுக்காதீர்கள். அந்தப் போலிஷ் சொல்லைப் போலிஷ்–ஆங்கிலம் தொகுதியில் திருப்பிப் பாருங்கள். புறப்பட்ட இடத்துக்கே அது உங்களைக் கொண்டுவந்து சேர்க்கிறதா என்று சோதியுங்கள். 'பொத்நியெத்ஸோனி' சேர்க்காது. இங்கிருந்து ஒருவர் வார்சா நிறுவனத்துக்கு எழுதும் முதல் கடிதத்தில் அது மாட்டிக்கொள்ளாமல் இருந்தால், இந்த ஒரு மணி நேரத்துக்கு அதுவே எனக்குப் போதும். கேள்விகளை இப்போது கேட்கலாம்.